அக்கா கட்டிய கண்ணாடி முடிச்சு

அக்காவை முதன்முதலாக ஆய்வகத்துக்கு அழைத்துப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும், உடுத்தியிருந்த பஞ்சாபி உடையை மாற்றாமலே என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டாள். லுக்குட்டிலிருந்து சிரம்பான் ரயில் நிலையம் வரை மோட்டார். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு ரயில். வழியில் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"அங்க ஏர்கோன் ரொம்பக் குளிருமாடா? குளிர்ல வெரலு நம்ம பேச்சக் கேக்காது."

அப்போது நான் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருந்தேன். வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழையை இப்போது எல்லோருக்கும் தெரியும். தலைமுடி அளவு தடிமன். அதைச் சிறு நெருப்பில் காட்டி இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் பாகு போல நீளும். தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்காக மெலியும். அவ்வளவு மெலிந்த இழைக்குள் ஒளி முழுவதும் அடங்காது. கொஞ்சம் வெளியே வழிந்து, பக்கத்துக் காற்றைத் தொட்டுக்கொண்டே ஓடும். காற்றில் ஈரம் ஏறினால் அந்த ஒளிக்குத் தெரியும், சூடு ஏறினால் தெரியும். அந்த இழையிலேயே ஒரு முடிச்சைப் போட்டுவிட்டால் ஒளி முடிச்சுக்குள் சுற்றிச் சுற்றி வரும். சுற்றச் சுற்ற அதன் கூர்மை கூடும். என் ஆய்வே அந்த முடிச்சுதான். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, இடுக்கியைப் பிடித்து, கையால்தான் கட்ட வேண்டும்.

எனக்கு அது வரவில்லை. எட்டு மாதம் முயன்றேன். இழை உடையும்போது சத்தம்கூட வராது. இருந்தது இல்லாமல் போகும், அவ்வளவுதான். எத்தனை உடைத்தேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். நாங்கள் லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்தவர்கள். அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். எனக்கு எட்டு வயதானபோது அப்பா இறந்துபோனார். அப்போது படிவம் நான்கில் இருந்த அக்கா, அடுத்த மாதமே பள்ளிச் சீருடையை மடித்து வைத்துவிட்டு சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். விடிவதற்கு முன் தோட்டத்து முனைக்குத் தொழிற்சாலை பஸ் வரும். மின்னணுச் சில்லுகளில் தங்கக் கம்பி ஒட்டுகிற வேலை. முடியைவிட மெல்லிய கம்பி. நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடியே இருப்பாள். வேலை விட்டு வரும்போது இரண்டு கண்ணைச் சுற்றியும் வட்டமாகத் தடம் பதிந்திருக்கும். நான் அதைப் பார்த்து ஆந்தை ஆந்தை என்று கத்திக்கொண்டு லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி ஓடுவேன்.

பிறகு தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப் பனை நட்டார்கள். அந்த மரத்து முள் குத்தாத கையே தோட்டத்தில் இல்லை. குத்திய முள் உள்ளே ஒடிந்து நின்றால் லேசில் வெளியே வராது. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்கா ஓர் ஊசியை வைத்துக்கொண்டு வரிசையாக முள் எடுப்பாள். வலித்தது என்று சொன்னவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும், எட்டு மாதம் அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அது அவளுக்குத்தான் தோன்றியது. அம்மா காலமாகி, தோட்டமும் கைமாறி, அக்கா கல்யாணமாகி, தொழிற்சாலை வேலையையும் விட்டு, லுக்குட்டில் ஒரு வரிசை வீட்டில் இருந்தாள். மாமாவுக்கு, அதாவது அவள் கணவருக்கு, பக்கத்திலேயே மோட்டார் பட்டறை. வார இறுதியில் நான் அங்கே சாப்பிடப் போவது வழக்கம். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன் போல.

"என்னாடா மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள்.

சொன்னேன். ஒரு தையல் நூலை எடுத்து, வளையம் போட்டு, நுனியை உள்ளே விட்டு இழுத்துக் காட்டினேன். "இவ்வளவுதான்க்கா. ஆனா கண்ணாடில. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு."

"மைக்ரோஸ்கோப் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? நாளைக்குக் காட்டு."

ஆய்வகத்தில் அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை. அக்கா முதலில் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தாள். வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துவைத்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். ஏர்கோனை அடைக்கச் சொன்னாள். பிறகு முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டு கண்ணை வைத்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

"நீ அந்தாண்ட போயி நில்லு. ஒன் மூச்சு படுது."

முதல் இழை உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. நான்காவது உடைந்ததும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "இந்த இரும்பு சரிப்படாதுடா. நெருடுது" என்றாள். பல் குத்தும் குச்சியும் கொஞ்சம் பசையும் கேட்டாள். கேண்டீனுக்கு ஓடிப் போய்க் குச்சி வாங்கி வந்தேன். அவள் கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்துத் தன் இமையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். அதைக் குச்சியின் முனையில் ஒட்டி, காயும்வரை காற்றில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பேக்டரில சில்லுல தூசி விழுந்தா இதாலதான் எடுப்போம். சூப்பர்வைசருக்குத் தெரியாது."

இமைமுடி வளைந்துகொடுத்தது, இழையைக் கீறவில்லை. அக்கா வளையத்தை மடக்கினாள், நுனியை உள்ளே நுழைத்தாள், விட்டு விட்டு இழுத்தாள். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. அவள் நிமிர்ந்து கழுத்தைச் சொடுக்கிக்கொண்டபோது, "வந்து பாரு" என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் கண்ணாடியில் ஒரு முடிச்சு. நூலில் நான் போட்டுக் காட்டிய அதே முடிச்சு.

ஒளியைச் செலுத்தினேன். கணினித் திரையில் கோடு நேராக வராமல், வரிசையாகப் பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறியது. எந்தெந்த நிற ஒளி முடிச்சுக்குள் மாட்டிச் சுற்றுகிறதோ அந்தந்த இடத்தில் ஒரு பள்ளம். இரண்டரை ஆண்டாக மற்றவர்களின் கட்டுரைகளில் மட்டுமே நான் பார்த்திருந்த படம் அது.

"சீப்பு மாரி இருக்கு" என்றாள் அக்கா.

"முடிச்சு மேல மெதுவா ஊதுக்கா."

ஊதினாள். சீப்பின் பற்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாக நகர்ந்தன. மூச்சு அடங்கியதும் பழைய இடத்துக்குத் திரும்பின. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி ஊதினாள். "என் மூச்சா அது?" என்றாள். பிறகு சின்னப் பெண்ணைப் போலச் சிரித்துக்கொண்டே நாலைந்து தடவை ஊதினாள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவள் அவள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்த ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஓர் ஆண்டு, மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறுகள் எங்களுக்கு அப்படித்தான் போயின. பூசை முடிந்ததும் ரயில். அவள் கட்டி எடுத்துவரும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை ஆய்வகத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். முன்தினம் நான் இழுத்துவைத்த இழைகளை அவள் முடிச்சாக்குவாள். கட்டும்போது வாய் மூடியிருக்கும். கட்டாதபோது வாய் மூடாது. தொழிற்சாலைத் தோழிகளின் கதை, பஸ் ஓட்டுநரின் கதை, அம்மா பால் வாளியோடு சேற்றில் விழுந்த கதை என்று போகும். நான் பிறப்பதற்கு முந்திய வீட்டை அவள் பேச்சில்தான் பார்த்தேன். மாமாவும் தன் பங்குக்கு, எங்கே கொண்டுபோனாலும் குலுக்கலில் இழை உடையாமல் இருக்க ஒரு பெட்டி செய்து கொடுத்தார். பித்தளைத் தகட்டை வளைத்து, பழைய மோட்டார் டியூபின் ரப்பரை அடியில் வைத்து அவர் செய்த அந்தப் பெட்டியைவிட நல்லதை எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை.

என் பேராசிரியர் ஒரு மலாய்ப் பெண்மணி. கோலப் பிலா பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். முதல் முடிச்சைத் திங்கட்கிழமை அவரிடம் காட்டினேன். நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கடைசியில் கை பழகிவிட்டது, இல்லையா?"

"ஆமாம், ப்ரோஃப்."

அந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்ன பொய். வெளியாட்களை அனுமதியில்லாமல் ஆய்வகத்துக்குள் விடக்கூடாது என்று கதவிலேயே எழுதியிருந்தது. அதற்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறுபாதியைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். தோட்டமே என்னைக் காட்டித்தான் பிள்ளைகளைத் திட்டும். படித்தவனுக்கு வராத வேலை படிப்பை விட்டவளுக்கு வந்தது என்று சொல்ல வாய் எழவில்லை. முதல் திங்கட்கிழமை சொல்லாததை இரண்டாவது திங்கட்கிழமை சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. அப்படியே மாதங்கள் ஓடின.

கட்டுரை எழுதினோம். ஓர் ஆய்விதழ் அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் செய்தியோடு லுக்குட்டுக்குப் போனேன். மத்தியான மழை ஜிங்க் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அச்சடித்துக் கொண்டுபோன தாள்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எனக்கு அவ்ளோ இங்கிலிஷ் வராது. படிச்சு தமிழ்ல சொல்லு. ஒன்னு விடாம சொல்லணும்."

முன்னுரையைச் சுருக்கிச் சொன்னேன். அடுத்தது செய்முறை. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அப்படியே தமிழில் சொல்லப் பார்த்தேன். "ஒளியிழை நெருப்பில் காட்டி இழுக்கப்பட்டது."

"யாரு இழுத்தா?"

"நான்தான்க்கா."

"அப்ப நான் இழுத்தேன்னு சொல்லு. ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாரி பேசாத."

"நான் இழுத்தேன். அப்புறம்..." அடுத்த வரி என் கண்ணுக்கு நேரே இருந்தது. "அப்புறம் முடிச்சு கட்டப்பட்டது."

கிழங்கின்மேல் கத்தி நின்றது.

"கட்டப்பட்டதுன்னா? யாரு கட்டுனா?"

நான் அடுத்த வரிக்குத் தாவினேன். "மெல்லிய இயற்கை இழை ஒன்றின் உதவியோடு."

"அது என்னாது, இயற்கை இழை?"

"இமைமுடி."

"என் இமைமுடி."

"ம்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே என்னைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள், செய்தவர் யாரென்று சொல்லமாட்டார்கள், அதுதான் வழக்கம் என்று நான் வேகவேகமாக விளக்க ஆரம்பித்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தில் அந்த வரியை எழுதியபோது எனக்கு எதுவுமே உறுத்தவில்லை. தமிழில் அதைச் சொல்ல வாயைத் திறந்ததும், யார் என்ற கேள்வி அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"மேல யாரு பேரு போட்டிருக்கு?"

"என் பேரு. ப்ரோஃப் பேரு."

"சரி. மிச்சத்தப் படி."

மிச்சத்தையும் படித்தேன். முழுவதையும் கேட்டாள். ஈரப்பதம் பற்றிய இடத்தில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டாள். பிறகு கிழங்கை அவித்து, தேங்காயும் சீனியும் போட்டுக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு உடம்பு சரியில்லை என்றாள். அதற்கடுத்த ஞாயிறு வீட்டில் வேலை என்றாள். மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்து அவள் எனக்குக் காத்திராமல் மாமாவோடு போய்விட்டாள்.

நான் தனியாகப் போய்ப் பழையபடி இழைகளை உடைத்துக்கொண்டிருந்தேன். அவள் விட்டுப்போன இமைமுடிக் குச்சி மேசை இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். நான்காவது வாரம் பட்டறைக்குப் போனேன். மாமா சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா கோவமா இருக்கா மாமா?"

"கோவமெல்லாம் இல்ல. ஞாயித்துக்கெழம துணி தொவைக்கிறா. அதையே திங்கக்கெழமையும் தொவைக்கிறா." ஸ்பேனரைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்ல வேண்டியது எங்கிட்ட இல்லலா."

யாரிடம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போய், உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒன்றும் விடவில்லை. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏன் இப்போதுதான் சொல்கிறீர்கள்?"

அனுமதியில்லாமல் ஆளைக் கூட்டிவந்ததற்கு முதலில் திட்டினார். அங்கே தீ இருக்கிறது, வாயு இருக்கிறது, அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அதன் பிறகு குரல் இறங்கியது. அது இன்னும் கடுமையாக இருந்தது. "கட்டியவர் யாரென்றே தெரியாத ஒரு முடிச்சின்மேல் என் பெயரைப் போட வைத்திருக்கிறீர்கள்." கடைசியில், "உங்கள் அக்காவை வரச் சொல்லுங்கள்" என்றார். நான் கதவை எட்டுவதற்குள் மாற்றிக்கொண்டார். "வேண்டாம். நான் போகிறேன்."

அந்தச் சனிக்கிழமையே தன் காரை ஓட்டிக்கொண்டு லுக்குட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய லங்சாட் பழம் கொண்டுவந்திருந்தார். அக்காவை "காக்" என்று மலாயில் அக்கா முறை வைத்து அழைத்தார். முதல் ஐந்து நிமிடம் இருவரும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தொழிற்சாலையில் கற்றது எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்து ஊர் மலாய். அதுதான் பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் வாய் திறந்து பேசாத அவருடைய வீட்டு மொழி. அக்கா, நான் என்பதற்கு அந்த ஊர் வழக்கில் "டென்" என்று சொன்னதுதான் தாமதம், பேராசிரியர் கையைத் தட்டிச் சிரித்தார். அதன் பிறகு இருவரும் பேசிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. இமைமுடியில் மேலிமை நல்லதா கீழிமை நல்லதா என்பதுவரை பேச்சு போனது.

கட்டுரை இன்னும் அச்சாகவில்லை. பெயர் சேர்க்க ஒரு படிவம் இருந்தது. அதில் ஒவ்வொருவரும் தாம் செய்ததை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அக்காவுக்காக நான் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். அவள் அதை விரலால் தொட்டுப் படித்தாள்.

"இது நீ எழுதுனது. நான் எழுதுறேன்."

என் வரிகளை அடித்துவிட்டு மலாயில் இரண்டே வார்த்தை எழுதினாள். சாயா இக்காட். நான் கட்டினேன். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, இது போதும், இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றார்.

நிறுவனம் என்ற கட்டத்தில்தான் எல்லோரும் விழித்தோம். பழைய தொழிற்சாலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல்கலைக்கழகத்திலும் அவள் இல்லை. பேராசிரியர் வீட்டு முகவரியைப் போடச் சொன்னார். லுக்குட்டில் ஒரு சந்துப் பெயரும் வீட்டு எண்ணுமாக அது போனது. தவறாக வந்துவிட்டதா என்று இதழிலிருந்து கேட்டு எழுதினார்கள். தவறில்லை என்று பேராசிரியர் ஒரே வரியில் பதில் போட்டார்.

அதற்குப் பிறகு அக்கா முறைப்படி அனுமதி அட்டையோடு வந்தாள். கொடுத்த வெள்ளை அங்கி முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மடித்துத் தைத்துக்கொண்டு வந்தாள்.

என் ஆய்வின் கடைசிப் பகுதி அமோனியா. ரப்பர் மரத்திலிருந்து எடுத்த பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா ஊற்றுவார்கள். குறைந்தால் பால் திரிந்து கட்டியாகும்; கூடினால் வேறு தொல்லை. அமோனியா பட்டதும் தன்மை மாறுகிற ஒரு பூச்சை முடிச்சின்மேல் தடவி, பாலின் ஆவியை அளக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் முடிந்தது. பால் சேகரிக்கிற உண்மையான கொட்டகையில் முடியுமா? தம்பினுக்கு வெளியே, சிறுதோட்டக்காரர்களிடம் பால் வாங்குகிற ஒரு சீன முதலாளி தன் கொட்டகையில் இடம் கொடுத்தார். பேராசிரியரின் காரில் மூவரும் போனோம். மாமாவின் பெட்டி அக்காவின் மடியில் இருந்தது.

கொட்டகைக்குள் நுழைந்ததும் அக்கா நின்றுவிட்டாள். அமோனியாவும் பச்சைப் பாலும் ஈரச் சிமெண்டும் கலந்த நெடி. எனக்குக் கண் எரிந்தது. அவள் மூச்சை ஆழமாக இழுத்தாள்.

"அம்மாவோட துணி" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கும் அது வந்தது. வேலைவிட்டு வந்ததும் அம்மா கழற்றி வாசலுக்கு வெளியே போடும் நீளக்கைச் சட்டை.

கருவிகளை மேசையில் பொருத்தி ஒளியை விட்டேன். சீப்பு நன்றாக வந்தது. பால் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லலாம் என்று நிமிர்ந்தபோது ஒரு லோரி பின்னோக்கி வந்து கொட்டகைத் தூணில் மெல்ல இடித்தது. பெரிய இடி இல்லை. ஆனால் திரையில் சீப்பு இல்லை. வெறும் கோடு.

கொண்டுவந்திருந்த முடிச்சு அது ஒன்றுதான். பூச்சு மருந்தும் இழுத்த இழைகளும் பெட்டியில் இருந்தன. பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காத்தாடிய நிறுத்தச் சொல்லு."

முதலாளியே போய் நிறுத்தினார். லோரிக்காரரை இன்ஜினை அடைக்கச் சொன்னார். பால் கொண்டுவந்திருந்த ஆறேழு பேர் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்றார்கள். அக்கா கையடக்க நுண்ணோக்கியில் குனிந்தாள். சூட்டில் அவள் நெற்றியில் வேர்வை திரண்டது. அது வழிந்து கண்ணுக்குள் இறங்குவதற்குள் பேராசிரியர் தன் முக்காட்டின் நுனியால் ஒற்றி எடுத்தார். அக்கா கண்ணை எடுக்கவில்லை. முதல் இழை போனது. இரண்டாவதில் முடிச்சு விழுந்தது.

பூச்சு காய்ந்ததும் தொட்டியைத் திறந்தார்கள். சீப்பின் பற்கள் நகர்ந்தன. மூடினார்கள், மெதுவாகத் திரும்பின. இன்னும் கொஞ்சம் அமோனியா ஊற்றித் திறந்தார்கள். முன்னைவிட அதிகமாக நகர்ந்தன. முதலாளி திரையை உற்றுப் பார்த்துவிட்டு, தன் மூக்கும் இதைத்தான் சொல்கிறது, ஆனால் மூக்கால் எண் சொல்ல முடியாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பேராசிரியருக்குத் தம்பினில் உறவினர் வீட்டில் ஏதோ விசேஷம் இருந்தது. எங்களைப் புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனார். ரயிலுக்கு நேரம் இருந்தது. நடைமேடை இருக்கையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பாக்கெட்டில் கட்டிக் கொடுத்த தே அய்ஸ் என்ற ஐஸ் தேநீரைக் குடித்தோம். அக்கா உறிஞ்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"பேரு போடலன்னு எனக்கு வருத்தம் இல்லடா. அன்னிக்கு நீ கட்டப்பட்டதுன்னு சொல்லிட்டு என்னைப் பாத்தீல்ல, மூஞ்சில பயம் இருந்துச்சு. நான் ஒன்னை எப்பவாச்சும் பயமுறுத்தியிருக்கேனா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்னாத்துக்குப் பயந்த?"

"நீ படிச்சிருந்தா நான் செய்யிறத எல்லாம் நீ என்னவிட நல்லா செஞ்சிருப்ப. அது எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னு பயம்."

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குக் கணக்கு வரும்" என்றாள். "படிவம் நாலுல கணக்குல நான்தான் முதல். அம்மாவுக்கே தெரியாது." பிறகு என் பாக்கெட்டில் மிச்சமிருந்ததையும் வாங்கிக் குடித்தாள். ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரம்பான் வரை தூங்கிக்கொண்டே வந்தாள்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. பேராசிரியர் அக்காவை ஆய்வக உதவியாளராக நிரந்தரமாக்க இரண்டு முறை எழுதிப் பார்த்தார். சான்றிதழ் இல்லையென்று இரண்டு முறையும் திருப்பிவிட்டார்கள். தற்காலிகமாக மட்டும் இரண்டு ஆண்டு வேலை செய்தாள். அதற்குள் முடிச்சுக்குப் பதிலாக வளையங்களைத் தகட்டிலேயே இயந்திரம் செதுக்கிவிடும் முறை பரவிவிட்டது. எங்கள் அமோனியா கருவி கொட்டகைகளுக்குப் போகவே இல்லை. அது ஒரு கட்டுரையாகவே நின்றுவிட்டது. அக்கா மறுபடி சுங்கை காடுட்டுக்குப் போனாள், வேறொரு தொழிற்சாலை. நேர்முகத்தில் தன் கோப்போடு அந்தக் கட்டுரையையும் நீட்டினாளாம். எதிரே இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்து, வீட்டு முகவரியில் கண் நின்று, "இது உங்கள் வீடா?" என்று கேட்டாராம். புதிதாக வருபவர்களுக்கு நுண்ணோக்கி வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பில் அவளைப் போட்டார்கள்.

நான் இப்போது இந்த மாநிலத்திலேயே ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். சொந்தமாக ஆய்வகம் இல்லை. அந்த ஓர் ஆண்டு ஞாயிறுகளுக்கு ஈடாக எதையும் அதற்குப் பிறகு நான் செய்யவில்லை என்று சில நேரம் தோன்றும். அந்தப் படிக்கட்டும், வாழையிலை பிரித்த நாசி லெமாக்கின் மணமும், ஏர்கோன் அடைத்த அறையில் அக்காவின் மூச்சு நின்று நின்று வரும் ஓசையும் எனக்கு இன்னும் அப்படியே இருக்கின்றன. மாணவர்களின் செய்முறைக் குறிப்புகளில் செய்யப்பட்டது, அளக்கப்பட்டது என்று வந்தால் ஓரத்தில் யார் என்று எழுதுகிறேன். அவர்களுக்கு அது புரிவதில்லை.

ஞாயிறு மத்தியானச் சாப்பாடு இன்னும் லுக்குட்டில்தான். போன வாரம் அக்கா என்னை மீன் வாங்க பசாருக்கு அனுப்பினாள். நான் வாங்கி வந்ததைச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"டாக்டராம் டாக்டர். மூனு நாள் மீன வாங்கிட்டு வந்திருக்கு."

மாமா பட்டறைக் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். குழம்பு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.